பினாங்கு வெயிலில் ஒரு ஹீட்டர்

போன சனிக்கிழமை என் வேலை போயிருக்க வேண்டியது. நிறுத்தப் பார்த்தவர் வேறு யாருமில்லை — என் கணவர்தான்!

அதுவும் எங்கே வைத்து? பினாங்குப் பாலத்தில், ஓடும் லாரிக்குள். இறங்கிக் கோபித்துக்கொண்டு போகக்கூட வழியில்லாத இடம் பாருங்கள்.

புதிதாக இந்தப் பக்கத்தை வாசிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. என் கணவர் சேகர், கல்யாணம் காட்சிகளுக்குக் கூடாரமும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறார். மேடை அலங்காரம் என் பொறுப்பு. ஜார்ஜ்டவுனில் சாமான்களை ஏற்றினால் புக்கிட் மெர்தாஜாம், நிபோங் திபால் என்று எங்கே கூப்பிட்டாலும் போவோம். அவர் ஓட்டுவார். நான் பக்கத்து இருக்கையில். எங்கள் சண்டை, சமாதானம், பிள்ளைகளைப் பற்றிய முக்கிய முடிவுகள் எல்லாம் நடந்தது அந்த லாரிக்குள்தான்.

அந்த இருக்கையைத்தான் காலி செய்யச் சொன்னார்.

"இனிமே நீ வர வேணாம்லா மீனா. வீட்ல ரெஸ்ட் எடு. டெக்கரேஷனுக்கு ஒரு பொண்ணு கேட்டு வச்சிருக்கேன். அடுத்த வாரத்துலேர்ந்து வரும்."

காரணம், என் தலைவலி. சில மாதங்களாகவே லாரியில் ஏறிய கொஞ்ச நேரத்தில் நெற்றிப்பொட்டு தெறிக்கும். கண் எரியும், குமட்டும், இனிப்பாக ஒரு வாடை வேறு. மண்டபத்தில் இறங்கி வேலை பார்க்கப் பார்க்கச் சரியாகிவிடும். வீடு திரும்ப ஏறினால் மறுபடியும் ஆரம்பம்.

நாத்தனாரிடம் சொன்னேன். "வயசாகுதுல்ல அண்ணி" என்றாள். கிளினிக்கில் சொன்னேன். அதையே ஆங்கிலத்தில் சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். ஐம்பதைத் தாண்டிய பெண்ணுக்கு முட்டி வலித்தாலும் வயசு, மூக்கு ஒழுகினாலும் வயசு... கொடுமை என்னவென்றால், நானும் அதை நம்பத் தொடங்கியிருந்தேன்.

இதே மாதங்களில் எங்கள் லாரிக்கும் உடம்பு சரியில்லை. என்ஜின் சூடாகாமல் இருக்க ரேடியேட்டரில் ஊற்றுகிற கூலண்ட் குறைந்துகொண்டே வந்தது. எங்கே போகிறது? யாருக்கும் தெரியவில்லை. வண்டிக்கு அடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்துப் பார்த்தார் என் கணவர். ஒரு சொட்டு இல்லை! ஒரு பட்டறையில் ரேடியேட்டர் மூடியை மாற்றினார்கள். இன்னொரு பட்டறையில் வாட்டர் பம்ப்பையே மாற்றினார்கள். கூலண்ட் என்ஜினுக்குள் புகுந்து எரிந்தால் வெள்ளைப் புகை வருமாம்; வருகிறதா என்று லாரிக்குப் பின்னால் குனிந்து நின்று பார்த்தார் மனிதர் — உள்ளே தலைவலியோடு உட்கார்ந்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தது நான். கடைசியில், என்ஜினையே பிரித்துப் பார்த்துவிடலாம் என்று ஒரு தீர்ப்பு வந்திருந்தது.

சனிக்கிழமைக்கு வருகிறேன். நிபோங் திபாலில் ஒரு நிச்சயதார்த்தம். 'நீ வர வேணாம்' என்று அவர் சொன்னதும் நான் அவர் பக்கம் திரும்பினேன். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர், "அலாமாக்!" என்று அலறினார்.

சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது! பாலம் முடிய இன்னும் கொஞ்ச தூரம்தான். ஏர்கானை அணைத்து, ஜன்னலை இறக்கி, சாமியை வேண்டிக்கொண்டே உருட்டி, பாலத்தைத் தாண்டியதும் வருகிற பிறை என்ற ஊரில் ஒரு பட்டறைக்குள் நுழைந்தோம். குமார் என்பவர் நடத்துகிறார். நாங்கள் அங்கே போனது அதுதான் முதல் தடவை.

என்ஜின் ஆறும்வரை காத்திருந்துவிட்டு, பச்சைக் கூலண்ட் இருந்த கேனைத் திறந்து ஊற்ற ஆரம்பித்தார் குமார். நான் பக்கத்தில் நின்றேன். காற்று என் பக்கம் அடித்தது. நெற்றியில் சுரீரென்றது.

"தம்பி... இந்த வாடைதான்!"

"எந்த வாடைக்கா?"

"லாரிக்குள்ள வருமே, இனிப்பா... அதே வாடை!"

என் கணவர் சிரித்தார். "அது பண்டான் இலை வாடைலா."

இந்த ஊரில் கரப்பான் அண்டாமல் இருக்கவும் வாசனைக்கும் வண்டிக்குள் பண்டான் இலையை ஒரு கட்டு போட்டு வைப்போம். நாங்களும் வைத்திருந்தோம். முதலில் நானும் அதைத்தான் சந்தேகப்பட்டேன்.

"அத தூக்கிப் போட்டு எவ்வளவு நாளாச்சு! நீங்க பாக்கவே இல்லியா?" என்றேன் எரிச்சலோடு.

குமாரின் கை நின்றது. "அக்கா, நீங்க உக்கார்ற பக்கம் கீழே ஈரமா இருக்குமா?"

"எப்பவும்தான். ஏர்கான் தண்ணி. துண்டு போட்டு வச்சிருக்கேன்."

நம் ஊர் வெக்கையில் ஏர்கான் ஒழுகுவது ஒரு விஷயமா? தினமும் அந்தத் துண்டைப் பிழிந்து காயப் போட்டுக்கொண்டிருந்தேன். குமார் லாரிக்குள் தலையை விட்டு, என் காலடி விரிப்பை அழுத்தினார். விரல்களைத் தேய்த்துப் பார்த்தார். முகர்ந்தார்.

"அண்ணே, தண்ணின்னா இப்படி வழுவழுன்னு இருக்காது. இது கூலண்ட்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என்ஜினுக்குள் ஓட வேண்டியது என் செருப்புக்கு அடியில் எப்படி வந்தது? டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு மூடியைக் கழற்றி டார்ச் அடித்தார். உள்ளே ஒரு சின்னப் பெட்டி. அதற்குப் போகிற இரண்டு ரப்பர் குழாய்கள்.

"ஹீட்டர்," என்றார்.

"ஹீட்டரா? பினாங்குலயா?" என்று நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

விஷயம் இதுதான். பழைய கேபின் துருப்பிடித்துப் போனபோது, ஜப்பானில் ஓடித் தேய்ந்த ஒரு கேபினை வாங்கி மாட்டியிருந்தார் என் கணவர். அங்கே பனி பெய்யும். என்ஜினின் சுடுநீரை அந்தப் பெட்டிக்குள் ஓடவிட்டு, கேபினைக் கதகதப்பாக வைத்துக்கொள்வார்கள். அது இங்கேயும் சும்மா ஓடிக்கொண்டே இருந்து, உளுத்து, உள்ளுக்குள்ளேயே கசிந்திருக்கிறது. ஏர்கான் காற்றும் அந்தப் பெட்டி வழியாகத்தான் வருகிறது. குளிர் ஆகாது என்று தன் பக்கத்துக் காற்றுத் துவாரத்தை அவர் மூடியே வைத்திருப்பார்; அத்தனையும் என் முகத்தில்தான்.

"அப்ப இவ்வளவு நாளா நான் மூச்சுல இழுத்தது...?"

"கூலண்ட் ஆவிக்கா. தலை வலிக்காம என்ன செய்யும்?"

என் கணவர் அங்கே கிடந்த பழைய டயரின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வண்டியின் அடியில் தேடினார், பின்னால் தேடினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் காலடியில் மட்டும் தேடவில்லை. முகத்தில் ஈயாடவில்லை அவருக்கு.

குமார் அந்தக் குழாய்களை ஒன்றோடொன்று இணைத்து ஹீட்டருக்குப் போகிற வழியையே அடைத்தார். "கவலப்படாதீங்கண்ணே, இங்க ஹீட்டர் இல்லாம யாரும் வெறச்சுப் போயிட மாட்டாங்க!" விரிப்பையும் துண்டையும் குப்பையில் போட்டோம். கேபினைக் கழுவிவிட்டுக் கிளம்பினோம்.

செம்பனைத் தோட்டங்கள் வரத் தொடங்கிய பிறகுதான் உறைத்தது... தலை வலிக்கவில்லை! கண் எரியவில்லை, குமட்டவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அழுது முடித்ததும் கோபம் வந்தது.

"என்னாங்க, இந்த லாரிக்கு என்னா வயசு இருக்கும்?"

"அது இருக்கும்லா, முப்பதுக்குக் கிட்ட. ஏன்?"

"பட்டறை பட்டறையா கொண்டுட்டுப் போனீங்களே. 'வயசாச்சு, வீட்ல நிறுத்துங்க'ன்னு யாராச்சும் சொன்னாங்களா?"

அவர் கொஞ்ச தூரம் போய் லாரியை ஓரம் கட்டினார். போனில் அந்த டெக்கரேஷன் பெண்ணைக் கூப்பிட்டார். "தங்கச்சி, அடுத்த வாரம் வர வேணாம்மா. தேவைப்பட்டா அக்காவே ஒன்னக் கூப்பிடுவாங்க," என்றார் — என் முகத்தைப் பார்க்காமலே.

உங்கள் வீட்டிலும் ஒருத்தி தலைவலி என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். அவளுடைய வயதை விடுங்கள் ஐயா... எங்கே உட்காருகிறாள் என்று பாருங்கள்!