குலுக்கிப் பார்க்கும் காது

என் மச்சானை எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு பாரபட்சம் என்று யாரும் குறை சொல்ல வேண்டாம்.

அவர் என் மனைவியின் அண்ணன். மட்டாஞ்சேரி பஜாரில் அவருக்கு மசாலா அரைக்கும் மில், அதன் முன்புறமே ஜாதிக்காய்க் கடை. இருபது வருடம் நானும் அவரும் அந்த அரைக்கும் மிஷின் பக்கத்தில் நின்றோம். மிளகாய் நெடி ஏறாமல் இருக்க மூக்கில் துண்டைக் கட்டினோம். காதை ஏனோ யாரும் நினைக்கவில்லை. எனக்குக் கேட்பது குறைந்தபோது, இனியாவது காதடைப்பான் வாங்கி வைக்கலாம் என்று சொன்னேன். "சத்தத்துக்குப் பயந்தா மில்லு நடத்த முடியுமா?" என்றார். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

ஜாதிக்காயை ஓட்டோடு காதருகே குலுக்கினால், காய்ந்த காய் உள்ளே கடகடவென்று ஆடும். ஈரக்காய் ஊமை. குலுக்கிப் பார்த்து வாங்குவது என் வேலை. அந்தக் கடையில் அவர் மூக்கை நுழைக்காத ஒரே இடம் அது. அது போனால் நான் மூட்டை எண்ணுகிறவன். அதற்காகத்தான் காது மிஷின் வாங்கினேன்.

காதைப் பரிசோதித்த டாக்டரம்மா கறாரானவர். தினமும் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும், அழுக்கைக் குட்டி பிரஷால் எடுக்க வேண்டும், இரவில் பேட்டரி மூடியைத் திறந்து ஈரம் உறிஞ்சும் டப்பாவில் வைக்க வேண்டும், தண்ணீரும் வெயிலும் ஆகாது. அத்தனையும் செய்தேன். மச்சானுக்கு அது கேலிக்கூத்து. "மாப்ளே, காதுல என்னா பட்டாணியா?" என்பார். வியாபாரிகளிடம், "சேட்டா, ஒறக்கப் பறயணும், ஆளு பொட்டனாணு" என்பார். உரக்கப் பேச வேண்டுமாம், ஆள் பொட்டனாம். பொட்டன் என்றால் செவிடன். முட்டாளையும் அப்படித்தான் சொல்வார்கள். அவர் இரண்டையும் சேர்த்தே சொன்னார்.

ஒரு மழைக்கால மதியம் லுஹர் தொழுகைக்குப் போனேன். தொழுகைக்கு முன் ஒளூ செய்து கைகால் முகம் கழுவும்போது காதிலும் தண்ணீர் படும் என்பதால் மிஷினைக் கழற்றித் தராசுப் பக்கம் துணியில் சுற்றி வைத்தேன். திரும்பி வந்தால் காணவில்லை. மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. முற்றத்தில் தகரத்தின் மேல் காய்ந்துகொண்டிருந்த ஜாதிக்காய்களோடு என் மிஷினும் காய்ந்துகொண்டிருந்தது.

"சாரல் அடிச்சு ஈரமாயிருச்சு. ஈரம் பட்டா வெயில்லதான போடணும்?" என்றார் மச்சான்.

மிஷின் செத்துவிட்டது. வேண்டுமென்றே செய்தாரா, அறியாமையா என்று இன்றும் தெரியாது. எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

வேறு மிஷின் வரும்வரை அவரே குலுக்கினார். "நீங்க மூட்டைய எண்ணுங்க மாப்ளே, போதும்." ஆலுவாவிலிருந்து ஒரு லோடு வந்தது. ஒவ்வொரு காயாகக் குலுக்கி, தலையாட்டி, வாங்கி அடுக்கினார்.

புது மிஷின் வந்த அன்று, கடையில் வியாபாரிகள் நிற்கும்போதே, அந்த ஆலுவா மூட்டையில் கைவிட்டு ஒரு காயை எடுத்தேன். குலுக்கினேன். சத்தமில்லை. இன்னொன்று. அதுவும் ஊமை. அவரைப் பார்த்தேன். இருபது வருடமும் எனக்கும் அரைக்கும் மிஷினுக்கும் நடுவில் நின்றவர் அவர்தான்.

கையை மூடி அவர் காதருகே கொண்டுபோய்க் குலுக்கினேன்.

"எப்படி மச்சான்?"

"நல்லா காஞ்சது. கடகடங்குது."

விரல்களை விரித்தேன். உள்ளே ஒன்றுமில்லை.

அவர் என் உள்ளங்கையையே பார்த்தார். சுற்றி நின்ற வியாபாரிகளும் பார்த்தார்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அவருக்குக் காது போய் எத்தனை வருடமோ. எனக்கு இரக்கம் வரவில்லை, சந்தோஷமாக இருந்தது. மச்சான் மூட்டையை என் பக்கம் தள்ளினார்.

ஈரக்காய்களை நான் ஒவ்வொன்றாகக் குலுக்கிப் பிரித்தேன். அவர் எழுந்து உள்ளே போய் அரைக்கும் மிஷினை ஓட்டினார். மூக்கில் துண்டைக் கட்டியிருந்தார். காது அப்போதும் திறந்தேதான் இருந்தது.