திருட முடியாத தாளக்கட்டு

"அடுத்தவன் போட்ட தாளத்துல என் குரல் ஏறாது. ஏறிச்சுன்னா அன்னைக்கே இந்தச் சடையை மழிச்சிட்டு பேங்க்ல வேலைக்குச் சேர்ந்துடறேன்."

ஆஸ்ட்லி கிரிசில் இந்தப் பிரகடனத்தை வெளியிட்டது மே பென் சந்தையில், சீமைப்பலா சுடும் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பலா சுடுகிறவள், ஒரு டாக்சி டிரைவர், டாக்சியின் டிக்கியில் கட்டிக் கிடந்த ஓர் ஆடு. ஆடு மட்டும் தலையை ஆட்டியது. ஜமைக்காவின் வங்கி மேனேஜர்கள் எவருக்கும் செய்தி போய்ச் சேராததால் அவர்கள் வழக்கம்போல மதிய உணவுக்குப் போனார்கள்.

கிளாரண்டன் மலைச்சரிவில் கிழங்கும் வெங்காயத்தாளும் போட்டுப் பிழைத்தவர் கிரிசில். சடை வளர்க்கும் ராஸ்தா மதத்துக்காரர். இறைச்சி கிடையாது, சாராயம் கிடையாது, கஞ்சியில் உப்புகூடக் கிடையாது. சடை இடுப்பைத் தாண்டிவிட்டது. கிழங்குக் கொடிக்குக் கம்பு நட்டுக்கொண்டே பாட்டுக் கட்டுவார், எல்லாமே விடுதலைப் பாட்டு. எகிப்திலிருந்து விடுதலை, பாபிலோனிலிருந்து விடுதலை, கரும்புத் தோட்டத்திலிருந்து விடுதலை. அவரோடு நீண்ட காலமாகக் குடித்தனம் நடத்தும் மெர்லீன் பள்ளிச் சீருடை தைக்கிறவள். தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே ஒருநாள் கேட்டாள்: "இவ்வளவு எடத்துலேருந்து ஜனங்களை வெளியே கொண்டாந்துட்ட. அந்தக் கிழங்கை எப்பய்யா மண்ணுலேருந்து வெளியே கொண்டாரப் போற?"

இப்படிப்பட்ட மனிதர் கிங்ஸ்டனுக்குப் பஸ் ஏறித் தன் முதல் இசைத்தட்டைப் பதியப் போனார். ஹெக்டர் பின்னக் என்பவரின் ஸ்டுடியோ, தகரக் கூரை, முட்டை அட்டை ஒட்டிய சுவர், நடுவில் ஒரே ஒரு ஃபேன். அந்த ஃபேனையும் பதிவு நடக்கும்போது நிறுத்திவிடுவார்கள். வாசிக்க இரண்டு பெரும்புள்ளிகள் இருந்தார்கள். பேஸ் கிதாருக்கு டீக்கன், டிரம்ஸுக்குத் தகரடப்பா. பெற்றோர் வைத்த பெயர் இருவருக்கும் உண்டு, அதைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஊரில் யார் பாட்டு வானொலியில் வந்தாலும் அதற்கு அடியில் ஓடுவது இவர்கள் இருவரின் கையும் காலும்தான். காலையில் ஒருவனுக்குக் காதல் தோல்வி, மதியத்துக்குள் இன்னொருவனுக்கு யுத்தம், டீ குடித்துவிட்டு மூன்றாமவனுக்குப் பரலோகம் என்று வாசித்துத் தள்ளுகிறவர்கள்.

கிரிசில் கண்ணை மூடி எகிப்துப் பாட்டை முழுவதும் பாடிக் காட்டினார். மடியில் கிதாரை வைத்துக்கொண்டு டீக்கன் கறி அடைத்த பேட்டி ரொட்டியைத் தின்று முடித்தார். தகரடப்பா மட்டும் தொழில்முறையாக ஒரு சந்தேகம் கேட்டார்.

"அண்ணே, இது அழுகைப் பாட்டா, ஆட்டப் பாட்டா?"

"விடுதலைப் பாட்டு."

"அப்ப நடுத்தர வேகம்," என்றார் தகரடப்பா, அடிக்கத் தொடங்கினார்.

எகிப்தை விட்டு ஜனங்கள் வெளியேறும் காட்சியில் கிரிசில் பெருமூச்சும் புழுதியும் எதிர்பார்த்திருந்தார். வந்ததென்னவோ சாயங்காலம் ஐஸ்கிரீம் வாங்கப் போகிறவர்களின் நடை. நிறுத்தச் சொன்னால் நிறுத்தினார்கள், மாற்றச் சொன்னால் தலையாட்டினார்கள், மறுபடி அதையே வாசித்தார்கள். இத்தனைக்கும் அது நன்றாக இருந்தது. அதுதான் கிரிசிலுக்குத் தாங்கவில்லை.

அந்த ஊரில் பாட்டு வேறு, தாளக்கட்டு வேறு. டிரம்ஸும் பேஸும் சேர்ந்து போட்ட அடித்தளம் டேப்பில் ஏறிவிட்டால் அது ஸ்டுடியோக்காரரின் சொத்து. பாடகர் தன் பாட்டைப் பாடிவிட்டுப் போன பிறகு, அதே தாளக்கட்டின் மேல் இன்னொருவர் பாடுவார், அவருக்குப் பின் வேறொருவர் பேசுவார், சிரிப்பார், சாபம் விடுவார். எந்தப் பாட்டு ஓடுகிறதோ அதன் பெயரே தாளக்கட்டுக்கு நிலைக்கும். கிரிசிலுக்கு இது தெரியாததல்ல. பிறருக்கு நடந்தவரை அது ஊர் வழக்கம். தனக்கு நடந்த அன்றுதான் கொள்ளை என்று தெரிந்தது.

அந்தக் கொள்ளையை நடத்தியவர் லார்ட் பெப்பர்மின்ட் என்ற பேச்சுப் பாட்டுக்காரர். அரைக்கால் சட்டை, தங்கப்பல். எகிப்துத் தாளக்கட்டைக் கேட்டதும் அவருக்குப் பசித்ததாம். அதன் மேல் ஆட்டுத்தலைச் சூப்பைப் பற்றி ஒரு பாட்டைப் பாடினார். ஆண்பிள்ளைகளுக்குத் தெம்பு தரும் சூப்பு, கொம்போடு கொதிக்கும் சூப்பு, மாமியாருக்குக் கொடுக்காதே என்று எச்சரிக்கும் சூப்பு. தீவு முழுக்க அதுதான் ஓடியது. இறைச்சியைக் கண்ணால் பார்த்தால்கூட வாய் கொப்பளிக்கும் மனிதரின் விடுதலைத் தாளக்கட்டுக்கு "ஆட்டுத்தலைச் சூப்பு" என்று பெயர் நிலைத்தது.

கிரிசிலின் இசைத்தட்டு அதற்குப் பிறகுதான் கடைக்கு வந்தது. மே பென்னில் ஒரு சனிக்கிழமை இரவு நடனக் கூட்டத்தில், பீரோ உயர ஒலிப்பெட்டிகளுக்கு முன்னால் அவரே நின்றிருக்கும்போது, அவருடைய பாட்டைப் போட்டார்கள். முதல் அடி விழுந்ததும் கூட்டம் சூப்பு என்று ஆர்ப்பரித்தது. குரல் மோசேயைப் பற்றிப் பாட ஆரம்பித்ததும் கூட்டம் முணுமுணுத்தது. கருவாட்டுப் பணியாரம் விற்கும் அம்மாள் ஒருத்தி, பாடியவர் இவர்தான் என்று யாரோ சொல்லக் கேட்டு, பரிவோடு பக்கத்தில் வந்தாள்.

"தம்பி, குரல் நல்லாத்தான் இருக்கு. அடுத்தவரு சூப்புல கைய வைக்காம, சொந்தமா ஒரு தாளம் போட்டுக்கக் கூடாதா?"

மெர்லீன் அவரை வீட்டுக்குக் கூட்டிப்போனாள். திங்கட்கிழமை கிங்ஸ்டனுக்குப் போய் டீக்கனிடம்தான் முதலில் பேசினார். என் பாட்டிலிருந்து பிறந்த தாளத்தைக் கண்டவனுக்குத் தூக்கிக் கொடுக்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது என்று நெடுநேரம் கேட்டார். டீக்கன் வாரத்துக்கு ஒருமுறை பேசுகிறவர், அந்த வாரத்துக்குரியதை அன்று பேசினார்.

"நீ வார்த்தை கொண்டாந்த. நான் பேஸ் கொண்டாந்தேன். உன் வார்த்தையை நான் எவனுக்காவது தூக்கிக் குடுத்தேனா?"

பதில் சொல்ல முடியாதபோது மனிதர்கள் திட்டம் போடுவார்கள். கிரிசிலும் போட்டார். இரண்டாவது தட்டின் கடைசிப் பாட்டு "சீனாய் மலை", அவர் கட்டியதிலேயே பெரியது. அதற்குத் தாளக்கட்டு போட்டால் அதன் மேல் உலகத்தில் எவனும் ஏற முடியாதபடி போட வேண்டும். மலையில் கம்பு நட்டுக்கொண்டே வழி கண்டுபிடித்தார். ஒரு வரியில் ஓர் அடியைக் குறைப்பது, அடுத்ததில் அரை அடி தள்ளி நிற்பது, பிறகு எவனும் எதிர்பாராத இடத்தில் தாளத்தை அப்படியே தொங்கவிடுவது. உள்ளே நுழைகிற திருடன் இருட்டில் படி தவறி விழுவான். கள்ளச்சாவி போட முடியாத பூட்டைக் கண்டுபிடித்தவனின் மகிழ்ச்சி அவருக்கு.

ஸ்டுடியோவில் நடந்ததைப் பதிவு என்று சொல்வது மரியாதைக்காக. தகரடப்பாவின் கை இருபது வருடமாக நேராகப் போய்ப் பழகியது. விட்ட அடியைத் தானே எடுத்துப் போட்டு நிரப்பிவிட்டது. கிரிசில் நிறுத்தினார். மறுபடி நிரப்பியது. மறுபடி நிறுத்தினார். ஃபேன் ஓடாத அறையில் ஆளாளுக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"நான் என்ன அண்ணே பண்ணட்டும், கை நேராப் போகுது. கைகிட்டயே பேசிக்குங்க," என்று தகரடப்பா கையை நீட்டினார்.

கிரிசில் உண்மையிலேயே கையிடம் பேசினார். அது சீனாய் மலையின் கரடுமுரடு, அங்கே யாரும் நேராக நடந்ததில்லை என்று விளக்கினார். பின்னக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மதியச் சாப்பாடு ஆறிப்போன பிறகு ஒருவழியாகத் தாளம் வந்தது. குறைய வேண்டிய அடி குறைந்து, தொங்க வேண்டிய இடம் தொங்கி, கடைசிவரை அப்படியே.

"இப்படி ஒரு மூணு கால் கழுதையை என் ஜென்மத்துல ஓட்டினதில்லை," என்றார் தகரடப்பா. அடுத்த நாள் அவரும் டீக்கனும் வடக்குக் கடற்கரையில் உள்ள ஓச்சோ ரியோஸ் ஓட்டல்களில் வாசிக்கக் கிளம்பிப் போனார்கள். திரும்பி வர பிப்ரவரி ஆகும்.

அந்த வாரமே பெப்பர்மின்ட் வந்தார், புதுத் தாளக்கட்டைப் போடச் சொன்னார், தங்கப்பல் தெரியப் பாட ஆரம்பித்தார், இரண்டாவது வரியில் படி தவறி விழுந்தார். எழுந்தார், மறுபடி விழுந்தார். இது என்ன விளையாட்டு என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். இந்தச் செய்தி மலைக்கு எட்டிய அன்று கிரிசில் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கிழங்கைத் தானாகவே தோண்டினார்.

குரல் பதியும் நாள் வந்தது. அந்த ஊரில் தாளம் ஒரு நாள், குரல் வேறொரு நாள். டேப் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் ஹயசிந்த், பின்னக்கின் மைத்துனி, சுவிட்சைத் தட்டினாள். சீனாய் மலை ஓட ஆரம்பித்தது. கிரிசில் கண்ணை மூடினார், வாயைத் திறந்தார், முதல் வரி பாடினார். இரண்டாவது வரியில் அவர் இங்கே இருந்தார், தாளம் அங்கே இருந்தது.

மறுபடி விடச் சொன்னார். இந்தத் தடவை முன்னால் போய்விட்டார். அடுத்த தடவை தொங்கும் இடத்தில் மூச்சுக் கூட எடுக்காமல் காத்திருந்தார். தாளம் அவருக்காகக் காத்திருக்கவில்லை. பிரச்சினை என்னவென்று அவருக்கே மெதுவாகத்தான் புரிந்தது. மலையில் அவர் நின்ற இடத்தில் பாட்டு நின்றது. ஒரு நாள் கல்லில் தடுக்கி நின்றார், ஒரு நாள் இருமலுக்கு நின்றார், எல்லா நாளும் ஒரே இடத்தில் நின்றதில்லை. இங்கே தாளம் நிற்கிற இடத்தில் அவர் நிற்க வேண்டியிருந்தது. டேப்புக்கு இருமல் வராது.

அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார், காலைத் தட்டிப் பார்த்தார், உட்கார்ந்து பார்த்தார். ஹயசிந்த் ஒவ்வொரு முறையும் டேப்பைச் சுற்றிப் பின்னால் கொண்டுபோனாள், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். திருடர்களுக்காக வைத்த பூட்டுக்குள் வீட்டுக்காரர் மாட்டிக்கொண்டால் வெளியே நிற்கிறவர்கள் சிரிக்கக் கூடாது என்ற நாகரிகம் அவளுக்கு இருந்தது.

பின்னக்குக்கு இல்லை. "நாளைக்குத் தட்டு அச்சுக்குப் போகணும் கிரிசில். கடைசிப் பாட்டு இல்லாம போக முடியாது. நீ முடிக்கலைன்னா அந்த எடத்துல நம்ம சூப்புத் தாளத்தை வார்த்தையில்லாம போட்டு மூடிடுவேன். வாத்தியம் மட்டும். ஜனங்களுக்குப் பிடிச்சதுதானே."

சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போனார். கிரிசில் நாற்காலியில் உட்கார்ந்தார். தன் இசைத்தட்டு, தன் பெயர், உறையில் தன் படம், உள்ளே கடைசியாக ஆட்டுத்தலைச் சூப்பு. மே பென்னில் அந்த அம்மாள் அதை வாங்கிப் போட்டுக் கேட்பாள், இன்னும் திருந்தலையே இந்தத் தம்பி என்பாள். வேறு தாளம் போடலாமென்றால், வாசிக்கிற இருவரும் மலைக்கு அந்தப் பக்கம், கடற்கரையில், சுற்றுலாக்காரர்களுக்கு வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

"கிரிசில் அண்ணே," என்றாள் ஹயசிந்த். "இங்க ஒண்ணு கெடக்கு. ஒரு பேக்கரிக்காக வாசிச்சது, ஈஸ்டர் பன் விளம்பரத்துக்கு. பன் பாட்டு போன ஈஸ்டரோட முடிஞ்சுபோச்சு. சும்மா காதுல விழட்டும்."

"வேணாம். யாரோடதோ அது."

"சும்மா விழட்டும்னுதானே சொன்னேன்."

அவள் பன் பாட்டைப் பாடிய பெண்ணின் குரலை மட்டும் அணைத்துவிட்டுச் சுவிட்சைத் தட்டினாள். நேரான தாளம், கொஞ்சம் குதூகலமானது, வெண்ணெய் தடவினதுபோல. கிரிசில் முதுகைத் திருப்பிக்கொண்டு முட்டை அட்டைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். இரண்டு சுற்று ஓடியது. மூன்றாவது சுற்றில் அவருடைய குதிகால் தரையில் தட்டியது, அவரைக் கேட்காமலே. பிறகு அவர் எழுந்து, கோபமாக இருப்பவர் நடப்பதுபோல நடந்து, மைக்குக்கு முன்னால் வந்து நின்றார். சீனாய் மலையின் முதல் வரி இருந்தது. இரண்டாவது வரியும் இருந்தது. மோசே ஏறினார், கற்பலகை வந்தது, ஜனங்கள் அடிவாரத்தில் காத்திருந்தார்கள். ஒரு வார்த்தைகூட இடறவில்லை.

கடைசி வரி முடிந்ததும் டேப் சிறிது நேரம் சும்மா சுற்றியது. கிரிசில் சடையை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, தொண்டையைச் செருமினார்.

"மொதல்லேருந்து விடும்மா," என்றார் தாழ்ந்த குரலில். "ரெண்டாவது வரியில இன்னும் நல்லா ஏறும்."