மஸ்கெலியாவுக்குப் போன எகிப்து எழுத்து

1963 மாசி மாதம், ஒரு ஞாயிறு காலை பத்து மணிக்கு ஹட்டனில் பஸ் ஏறினேன். மஸ்கெலியா பன்னிரண்டு மைல் இருக்கும். டிக்கட் ஐம்பது சதம். மடியில் தேயிலைப் பெட்டிப் பலகை ஒன்று. அதில் பழைய எகிப்து எழுத்துகளைக் கரியால் வரைந்திருந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அதைப் பற்றி வாசிகசாலையில் கிடைத்த ஆங்கிலப் புத்தகத்தோடு அகராதியை வைத்து மல்லுக்கட்டியதுதான் என் படிப்பு. அதை நம்பி மஸ்கெலியாவில் ஒரு தேயிலைத் தோட்டத்து இளைஞர் மன்றத்தில் பேசக் கூப்பிட்டுவிட்டார்கள். பாதியில் எல்லோரும் எழுந்து போய்விட்டால்? நோர்வூட் வளைவுகளில் முன்னுரையை மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டே போனேன்.

"என்னாங்க, பாம்பெல்லாம் வரைஞ்சிருக்கு? மந்திரமா?" என்றார் கண்டக்டர்.

"எகிப்து பாஷைங்க."

"அங்கயும் தோட்ட வேலைக்கு நம்ம ஆளுகளத்தான் கூட்டிப் போனாங்களா?"

பஸ்ஸே சிரித்தது.

பதினொன்றரைக்கு மன்றச் செயலாளர் சுப்பையா நிறுத்தத்தில் நின்றார். தோட்டத்துக்கு ஒன்றரை மைல் நடை. கூட்டம் சேரட்டும் என்று தப்பு மேளம் அடிக்கச் சொல்லியிருந்தார். வினை அங்கேதான். அந்தச் சத்தம் கேட்டால் பெரட்டு, வேலைக்கு ஆள் பிரிக்கிற கூட்டம். தோட்டத் துரை ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிட்டுவிட்டார் என்று பெண்கள் கூடையோடு ஒரு வரிசை, ஆண்கள் எதிரே ஒரு வரிசை! விஷயம் தெரிந்ததும் முன்னால் நின்ற மீனாட்சி வெடித்தாள்.

"இதுக்கா ஒலையில அரிசியப் போட்டுட்டு ஓடியாந்தோம்? வாங்கடி போவோம்."

கூடைகள் திரும்பின. பயந்தது நடந்தேவிட்டது. மனப்பாடம் செய்த முன்னுரையை விட்டுவிட்டுப் பலகையைத் தலைக்கு மேலே தூக்கிக் கத்தினேன்.

"அக்கா! அந்த ஊர்ல 'கேட்டான்'னு எழுதினா, கேக்குற சொல்லுக்கு வாலுல ஒரு பாம்பு போடணும். பாம்புதான் ஆம்பள. 'கேட்டாள்'னா மடிச்ச துணி!"

மீனாட்சி நின்றாள். "அங்கயும் துணி மடிக்கிறது நாங்கதானா?"

"ஆம்பள பாம்புன்னு அப்பவே கண்டுபுடிச்சிருக்காங்க பாருடி!" என்றாள் பக்கத்துப் பெண். ஆண்கள் வரிசை கூச்சல் போட்டது. பலகையை இன்னும் உயர்த்தினேன். பாரோ என்று நாம் சொல்லும் எகிப்து ராஜாப் பட்டத்துக்கு மூலமே 'பெரிய வீடு' என்ற சொல்தான் என்றேன்.

"தொர சொன்னா பங்களா சொல்லிருச்சின்னு நாங்க சொல்றோமே, அதானே!" என்று எதிர்வரிசையிலிருந்து ஒரு குரல்.

கூடைகள் தரையில் இறங்கின. போவது, வருவது, ஓடுவது, எந்த நடமாட்டச் சொல்லானாலும் கடைசியில் நடக்கும் கால் இரண்டு. அதற்கு ஓசை இல்லை, பொருள் காட்ட மட்டும் என்றேன். மறுபடி மறுபடி வரையச் சொன்னார்கள். மீனாட்சி வீட்டு உலை என்னவாயிற்றோ!

நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினேன். "போயிட்டு வாங்கன்னு எழுத எத்தன காலுங்க?" என்று கேட்டாள் மீனாட்சி.

"போறதுக்கு ரெண்டு, வர்றதுக்கு ரெண்டு."

"அப்ப நாலையும் போட்டுட்டுப் போங்க. ரெண்டோட விட்டா நீங்க திரும்பி வர மாட்டீங்க."

ஹட்டனில் இந்த எழுத்துக் கதையை ஆரம்பித்தாலே ஆட்களுக்கு அவசர வேலை வந்துவிடும்; இங்கே திரும்பி வரச் சொல்கிறார்கள். பலகையைப் பெரட்டுக் களத்துச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தேன், வரைந்த நாலு காலோடு.