மஞ்சு கல்யாணத்துக்கு முந்தின நாள்

செஞ்சிக் கோட்டைக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கலைமதி சத்துணவு சமைக்கிறாள். பருப்பு வேகும் நேரத்தில் கதை கேட்க வந்து நிற்கும் பெண்பிள்ளைகளை அவள் விரட்டியதே இல்லை. மகள் மஞ்சுவுக்காக அவளே கட்டிய கதை அது. மூன்று சிறுமிகள் கோட்டை நெற்களஞ்சியத்துக்குள் ஒளிந்து விளையாடப் போகிறார்கள். வெளியே வந்தால் முந்நூறு வருஷத்துக்கு முந்தைய செஞ்சி. சுற்றிலும் எதிரிப் படை. குதிரைக்குப் புல் அறுக்கிற ஒரு பெண், எதிரிகள் மலையேறும் தடத்தைக் கண்டுபிடித்து ஓடிவந்து தளபதியிடம் சொல்கிறாள். கோட்டை தப்பிக்கிறது. பரிசு தளபதிக்குப் போகிறது. அவள் பேரை ஒருவரும் எழுதிவைக்கவில்லை.

மஞ்சுவைப் பதினைந்து வயதில் அவலூர்பேட்டையில் கட்டிக்கொடுத்தார்கள். நல்ல இடம், விட்டால் வராது என்றான் புருஷன் பொன்னுசாமி. கலைமதியும் தலையாட்டினாள். மறுவருஷமே பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் மஞ்சு செத்துப்போனாள். குழந்தையும் தங்கவில்லை.

போன ஆவணியில் ஒருநாள், எட்டாவது படிக்கும் மணிமொழி மற்றவர்கள் போனபிறகும் அடுப்படியிலேயே நின்றாள்.

"அக்கா, அந்தக் களஞ்சியம் வழியா மஞ்சுக்கா கல்யாணத்துக்கு முந்தின நாளுக்குப் போவ முடியுமா?"

கலைமதி கரண்டியைக் கீழே வைத்தாள். "போயி இன்னாடி பண்ணுவ?"

"வேணாம்னு சொல்லச் சொல்லுவேன்." தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்கும் வெள்ளிக்கிழம கல்யாணங்க்கா. யாராண்டயும் சொல்லக்கூடாதுன்னு நைனா சொல்லிக்கீறாரு."

மணிமொழியின் அப்பா நெடுமாறன், பொன்னுசாமிக்குப் பங்காளி. அன்று வீட்டில் பேச்செடுத்ததும் பொன்னுசாமி எரிந்து விழுந்தான். "அவன் பொண்ணு, அவன் கட்டிக் குடுக்குறான். உனக்கு இன்னா வந்துச்சு?"

மறுநாள் காலை, அடுப்பைப் பற்றவைக்குமுன் கலைமதி குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போட்டாள்.

அதிகாரிகள் வந்தார்கள். கல்யாணம் நின்றது. அவர்களின் ஜீப் தெருமுனையைத் தாண்டியதும், சொன்னது நீதானே என்று நெடுமாறன் தன் பெண்டாட்டியின் முடியைப் பிடித்து இழுத்தான். தன் வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கலைமதி தெருவில் இறங்கினாள்.

"அவள விடு. நான்தான் சொன்னேன்."

அந்த வாரமே பொன்னுசாமி அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டான். இன்னும் திரும்பவில்லை. தெருக்குழாயில் அவள் குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடங்களை எடுத்துக்கொண்டு நகர்கிறார்கள்.

வீட்டில் விட்டால் மறுபடி கட்டிவைத்துவிடுவார்கள் என்று அதிகாரிகள் மணிமொழியை விழுப்புரத்தில் ஒரு விடுதியில் சேர்த்தார்கள். கலைமதி முதல் தடவை போனபோது பெண் வெளியே வரவே இல்லை. இரண்டாம் தடவை வந்தாள். இளைத்திருந்தாள்.

"எங்கம்மா வர்லியா?"

ஏதாவது சாக்குச் சொல்லலாமா என்று பார்த்தாள் கலைமதி.

"வர்லடி."

பிள்ளை அழுது ஓயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நேரம் முடிந்தது என்று காவலாளி வந்து சொன்னதும் எழுந்து, செஞ்சி பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தாள்.