ஹல்துமுல்லையில் கொதித்து நின்ற கார்

பலாங்கொடையில் காலையில் கார் கிளம்பியபோது எனக்கு அதில் ஏறி உட்கார மனமே இல்லை. கொழும்பிலிருந்து அதுவரை வந்த வழியெல்லாம் அது நின்று நின்றுதான் வந்தது. இறங்குவதும், தகர டின்னை எடுத்துக்கொண்டு ஓடை தேடிப் போவதும், சுமந்து வந்து ஊற்றுவதும், மறுபடி ஏறுவதுமாக என் இடுப்பு விட்டுப்போயிருந்தது. மடித்துப் போட்ட சாக்கின் மேல் உட்கார்ந்தேன். பின்னால் கட்டியிருந்த எங்கள் டிரங்குப் பெட்டியும் சட்டி பானைகளும் கடகடத்தன.

காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இருவர் மட்டும் உட்காரக்கூடிய பந்தயக் கார். ஜெர்மன் சண்டைக்கு முன்னால் சீமையில் செய்தது. கூரை கிடையாது, நீண்ட மூக்கு, சிவப்புச் சாயம் பாதி உரிந்துபோயிருந்தது. தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்துத் துரை ஒருவர் அதைக் கொழும்பில் ஏலத்தில் எடுத்தார். என் வீட்டுக்காரர் கொட்டாஞ்சேனையில் ஒரு மோட்டார்ப் பட்டறையில் என்ஜின் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்தார். "காரை ஓட்டியே கொண்டுவந்து சனிக்கிழமைக்குள் என் பங்களா வாசலில் நிறுத்து. தேயிலை அரைக்கும் ஸ்டோரில் உனக்குப் பிட்டர் வேலை, வீடும் தருகிறேன். மாட்டில் கட்டி இழுத்து வந்தால் ஒன்றும் கிடையாது" என்று துரை சிரித்துக்கொண்டே சொன்னாராம். அந்தச் சிரிப்பை நம்பி இவர் பட்டறை வேலையை விட்டார். குடியிருந்த அறையையும் காலி செய்துவிட்டோம். பண்டாரவளை வரை ரயில் போகிறதே, நான் அதில் வருகிறேன் என்றேன். "நீ இல்லாம டின்னை யாரு புடிக்கிறது, பாக்கியம்?" என்றார்.

பெலிகுல்லோயா வரை பத்து மைல். அங்கே ஆறு நிறையத் தண்ணீர் ஓடியது. இரண்டு டின்களையும் நிரப்பிக்கொண்டோம். அதற்கப்பால் பாதை மலையைச் சுற்றிச் சுற்றி ஏறத் தொடங்கியது. இரண்டு வளைவு தாண்டுவதற்குள் மூக்கின் மேலிருந்த மூடியிலிருந்து ஆவி சீறிக்கொண்டு கிளம்பிவிட்டது.

அவர் காற்றாடியின் பெல்ட்டை இழுத்துக் கட்டினார். சிறிது தூரம் போனது, மறுபடி கொதித்தது. ஸ்டியரிங்கின் மேல் சிறிய கைப்பிடி ஒன்று உண்டு. என்ஜினுக்குள் நெருப்புப் பொறி விழும் வேளையை முன்னே பின்னே நகர்த்துவது அதுதான். பொறி தாமதமாக விழுந்தாலும் சூடேறும் என்று அதைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். சத்தம் மாறியது, சூடு மாறவில்லை. ஒவ்வொரு முறையும் டின்னைத் தூக்கி ஊற்றியது நான்தான். ஆடிக் காற்று முந்தானையைப் பிய்த்துக்கொண்டு அடித்தது. ஊவாப் பக்கம் போகாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஆடியில் அங்கே மழை இல்லை. மலை முழுக்கக் காய்ந்த மானாப் புல். வாய் திறந்தால் நாக்கு வறண்டுவிடும்.

உச்சி வேளையில் ஹல்துமுல்லைக் கடைத்தெருவுக்கு வந்தோம். வந்தோம் என்பதைவிட, கடைசி ஏற்றத்தில் நான் இறங்கிப் பின்னாலிருந்து தள்ளினேன் என்பதே சரி. டின்கள் இரண்டும் காலி. எதிரே ஒரு பலசரக்குக் கடை. அதன் முதலாளி காசிம் நானா, நரைத்த தாடியும் கட்டம் போட்ட சாரமுமாக வெளியே வந்து, புகையும் காரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உக்காருங்க தங்கச்சி. குடிக்கத் தேத்தண்ணி தாரேன். வாளித் தண்ணி மட்டும் கேக்க வாணாம். எங்கட கெணறும் வத்திப் போய் ஈக்குது."

"இந்தக் கார் எட்டு மைல் ஏறி அப்புத்தளைக்குப் போகணும் நானா" என்றார் என் வீட்டுக்காரர்.

"மேல லயத்துப் பக்கம் பீலி ஒண்டு ஈக்குது. கேட்டுப் பாருங்க."

லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வீட்டு வரிசை. அதன் பக்கத்தில் மலைச்சரிவின் ஊற்று நீரை மூங்கில் குழாய் வைத்து விழச் செய்திருப்பார்கள். அதைத்தான் பீலி என்கிறார்கள். நான் டின்களுடன் ஏறினேன். வழியில் தோட்டத்து டோபி ஒருவர் பெரிய அண்டாவில் துணிகளை அவித்துக்கொண்டிருந்தார்.

பீலியில் தண்ணீர் சுண்டுவிரல் கனத்தில் விழுந்துகொண்டிருந்தது. அதன் முன்னால் குடங்களும் மண்பானைகளும் வளைந்து வளைந்து வரிசையாக நின்றன. மத்தியானச் சாப்பாட்டுக்கு மலையிலிருந்து இறங்கிய பெண்கள், கொழுந்துக் கூடையைக்கூட இறக்காமல் குந்தியிருந்தார்கள். நான் நேராக முன்னால் போய், அவசரம் என்று சொல்லி டின்னை நீட்டினேன்.

முன்னால் இருந்தவள் என் கையைத் தடுத்தாள். அவள் பெயர் மாரியாயி என்று பின்னால் தெரிந்தது. என் வயதுதான் இருக்கும், கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"யாருக்குங்க தண்ணி?"

"கீழ கார் நிக்குதுங்க. கொதிக்குது."

"காருக்கா?" என்று கேட்டுவிட்டு மற்றவர்களைப் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை. "வெடிய முன்ன பானைய வச்சிட்டுப் பெரட்டுல பேரு குடுக்கப் போனோம். இப்பத்தான் எங்க மொறை வருது. வீட்டுல புள்ளைங்க காத்துக்கிட்டு இருக்குதுங்க. நீங்க குடிக்கணுமா, இந்தாங்க, வயிறு முட்டக் குடிங்க. காருக்குன்னா இல்லீங்க."

அவள் தன் குடத்தைச் சாய்த்து என் கையில் ஊற்றினாள். நான் குடித்தேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் தாகம் குடிக்க வைத்தது. காலி டின்களோடு காரடிக்குத் திரும்பினேன்.

"காசு தாரேன்னு சொன்னியா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"சொல்லல."

"நான் போய்ச் சொல்றேன்." சட்டைப்பையைத் தடவிக்கொண்டு எழுந்தார்.

"போகாதீங்க" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. "நீங்க காசை நீட்டினா யாராவது ஒருத்தி வாங்கிக்குவா. அவ வீட்டுல இன்னைக்கு உலை ஏறாது. இதுக்கு ஊத்தி ஊத்தி என்ன ஆச்சு? ரெண்டு வளைவுக்கு மேல நிக்குதா? எங்க கோளாறுன்னு தொறந்து பாருங்க."

அவர் மறுபடி உட்கார்ந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "தொறக்கப் பயமா இருக்கு, பாக்கியம். பழைய தகடு. கழட்டும்போது எங்கயாவது விட்டுப்போச்சுன்னா, இந்தக் காட்டுல என்ன செய்வேன்? வேலையும் போச்சு, வீடும் போச்சு."

அந்தப் பயத்தை அவர் கொழும்பிலிருந்தே சுமந்து வருகிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் சாக்கை விரித்துப் பிடித்தேன். அவர் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டார்.

காரின் மூக்கில் இருப்பது ரேடியேட்டர். என்ஜினில் சூடான தண்ணீர் அதிலுள்ள மெல்லிய குழாய்களின் வழியே இறங்கி ஆறி, மறுபடி என்ஜினுக்குப் போகவேண்டும். அதைக் கழற்றிக் கவிழ்த்தபோது உள்ளேயிருந்து பழுப்பாக, கெட்டியாக ஏதோ விழுந்தது. அவர் விரலால் தொட்டு முகர்ந்தார்.

"கஞ்சி" என்றார்.

உண்மையிலேயே கஞ்சிதான். முன்பு வைத்திருந்த யாரோ, ஒழுகலை அடைக்க ஓட்ஸ் மாவைக் கொட்டியிருக்கிறார்கள். அது வெந்து ஒழுகலையும் அடைத்துவிட்டது, குழாய்களையும் அடைத்துவிட்டது. சோற்றுப் பானையின் அடிப்பிடிப்பைப்போல உள்ளே காய்ந்து கிடந்தது. மேலே எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் கீழே இறங்க வழி இல்லை.

"கொதிக்கிற தண்ணியில சலவைச் சோடாவைப் போட்டு, அடிப்பக்கமிருந்து மேல பாய்ச்சினா கழண்டு வரும்" என்றார். "அதுக்கும் தண்ணிதான் வேணும்."

சலவைச் சோடா போட்டுத் துணி அவிக்கும் டோபியின் அண்டா எனக்கு ஞாபகம் வந்தது. ஓடினேன். அவர் துணிகளை அள்ளி எடுத்துவிட்டு, அழுக்குத் தண்ணீரைச் சரிவில் கவிழ்க்கக் கம்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஊத்திராதீங்க அண்ணே! அந்தத் தண்ணி எனக்கு வேணும்."

"இந்த அழுக்கையா?" என்று அவர் திகைத்தார். விஷயத்தைக் கேட்டதும் ஒரு பக்கம் தானே பிடித்துக்கொண்டு கடைவரை இறக்கிவந்தார்.

காசிம் நானாவின் அடுப்பில் அதை மறுபடி சூடாக்கினோம். என் வீட்டுக்காரர் ரேடியேட்டரைத் தலைகீழாக நிறுத்தி, மண்ணெண்ணெய்ப் புனலை அடிக்குழாயில் செருகி ஊற்றினார். முதலில் ஒன்றும் வரவில்லை. இன்னொரு முறை ஊற்றினார். ஏதோ பொத்தென்று விட்டது. கட்டி கட்டியாகப் பழுப்புக் குழம்பு தெருவில் கொட்டியது. கூடியிருந்தவர்கள் பின்வாங்கினார்கள். "இத நம்மட ஆடும் தின்னாது" என்றார் காசிம் நானா.

கஞ்சி போனதும், அது மூடி வைத்திருந்த ஒழுகல் வெளிப்பட்டது. பக்கத்து மூட்டில் நகக்கண் நீளத்துக்கு ஒரு விரிசல். அவர் பயந்த அதே இடம். ஆனால் கண்ணால் பார்த்த பிறகு அவர் பயந்தவராக இல்லை. கடைக் கரியில் இரும்பைப் பழுக்கவைத்து, ஈயத்தை உருக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பற்றவைத்தார். காற்றுக்கு மறைவாக நானும் காசிம் நானாவும் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றோம். என் கை இரண்டும் மரத்துப்போயின.

இனி ஒரே ஒரு முறை நல்ல தண்ணீர் நிரப்ப வேண்டும். வெயில் தாழ்ந்திருந்தது. நான் டின்களை எடுத்துக்கொண்டு மறுபடி பீலிக்கு ஏறி, இந்த முறை கடைசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டுக் குந்தினேன். சற்று நேரத்தில் அவரும் வந்து என் பக்கத்தில் நின்றார். அந்த வரிசையில் ஆண் அவர் ஒருவர்தான். மத்தியானம் சிரிக்காத பெண்கள் இப்போது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

மாரியாயி இரண்டாவது குடத்துக்கு வந்திருந்தாள். "ஒங்க காரு ஒரு நாளைக்கு எம்புட்டுக் குடிக்குங்க?" என்று அவரிடமே கேட்டாள்.

"இன்னைக்கு மட்டுந்தாம்மா. இனிமே குடிக்காது."

"சொல்லிட்டீங்க. பாப்போம்" என்றாள். தன் குடம் நிரம்பியதும் இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள். எங்கள் முறை வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அன்று சனிக்கிழமை. துரை சொன்ன கெடு அந்தப் பீலியடியில்தான் கழிந்தது. கடையின் பின்புறம் அரிசி மூட்டைகளுக்கு நடுவே இடம் கொடுத்தார்கள். காசிம் நானாவின் மனைவி எனக்குத் தலையணை கொடுத்தார்.

ஞாயிறு காலை கிளம்பினோம். நான் வழியைப் பார்க்கவில்லை. ரேடியேட்டர் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வளைவு, இரண்டு, மூன்று. பெரகலைச் சந்தி வந்தது. அவர் வண்டியை நிறுத்தாமலே கையை நீட்டி மூக்கின் பக்கவாட்டைத் தொட்டார்.

"சுடுதா?" என்றேன்.

"சுடுது. கொதிக்கல."

அப்புத்தளையில் மேகம் பாதைக்குக் கீழே கிடந்தது. என் மடியிலிருந்த டின் இரண்டும் காலியாகவே வந்தன. பண்டாரவளை தாண்டி, தெமோதரையில் ரயில் பாதை போடும் ஆட்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு எங்களை வேடிக்கை பார்த்தார்கள். எனக்குக் கை காட்டக்கூடத் தெம்பு இல்லை.

பங்களா வாசலில் துரை காரைச் சுற்றி வந்தார். "சனிக்கிழமை என்றல்லவா சொன்னேன்?" என்றார். என் வீட்டுக்காரர் காரின் மூக்கருகே போனார். மூடியைத் திறந்து காட்டினார். தண்ணீர் வாய்வரை நின்றது. துரை எட்டிப் பார்த்தார். பெட்டியை அவிழ்க்கச் சொன்னார். நாங்கள் சட்டி பானைகளை இறக்கியதும் ஏறி உட்கார்ந்து, பதுளைப் பாதையில் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் ஐயா வந்து, ஸ்டோருக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையைக் காட்டி, "சாமானை அங்க கொண்டு போங்க" என்றார். வேலை கிடைத்துவிட்டது என்பதை அப்படித்தான் தெரிந்துகொண்டோம்.

நான் சாமான்களைத் தூக்கினேன். அவர் வரவில்லை, வாசலிலேயே தலையைச் சாய்த்து நின்றார். கொட்டாஞ்சேனையில் நாள் முழுக்கக் கார்கள் போகும். ஒன்றின் சத்தம் இன்னொன்றில் கரைந்துவிடும், யாரும் காது கொடுப்பதில்லை. இங்கே மலைகளுக்கு நடுவே அந்த ஒரே சத்தம் வளைவுக்கு வளைவு மறைந்து, மறுபடி மேலே கேட்டது. எங்கேயும் நிற்கவில்லை. கடைசியில் எதிர்மலையின் உச்சிக்கு அப்பால் அடங்கியது.

"ஏறிருச்சு" என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்தார். நானும் பானையை இறக்கிவைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.