5.46க்கு வான்கதவைத் திறந்தேன்

நம்பாவிட்டாலும் பரவாயில்லை. நடந்தது நடந்ததுதான். பொலிஸில் பாதியைத்தான் சொன்னேன். மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

தெரணியகலைக்கு மேலே ஒரு நீர்த்தேக்கத்தில் எனக்கு வேலை. மிஞ்சும் தண்ணீரை ஆற்றில் விட வான்கதவைத் திறப்பவன் நான். எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குக் குழாயில் போவது அந்தத் தண்ணீர்தான். ஞாயிறானால் கொழும்பிலிருந்து வேன் பிடித்துக் குளிக்க வருவார்கள்.

போன ஒக்டோபரில் அப்படி ஒரு ஞாயிறு. மலையில் நல்ல மழை. மாலை 5.10க்கு ஒபீஸிலிருந்து போன் வந்தது. ஐந்தரைக்குத் திறக்க வேண்டும். தாமதித்தால் நீர்த்தேக்கக் கரையோர லயத்துக்குள் தண்ணீர் ஏறிவிடும். அங்கே நாற்பது குடும்பங்கள்.

மூன்று தரம் சைரன் அடித்தேன். குளித்தவர்கள் எல்லோரும் மேலே ஏறிவிட்டார்கள். கீழே ஆற்றுப் பாறையில் ஒரு பெண் மட்டும் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

டப்... டப்...

கத்தினேன். அவள் திரும்பவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. படியிறங்கி ஓடினேன். பாறையில் ஆளில்லை. சவர்க்கார நுரைகூட இல்லை. கல் காய்ந்து கிடந்தது.

மேலே வந்து பார்த்தேன். 5.34. அவள் அதே இடத்தில் இருந்தாள்.

டப்... டப்...

"ஸப்ரி, அந்தப் பொம்பளயப் பாருங்க."

என்னோடு வேலை செய்யும் ஸப்ரி எட்டிப் பார்த்தான். "ஒருத்தரும் இல்லையே மச்சான். கண்ணாடி போடுற வயசு வந்துட்டுது உங்களுக்கு."

சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டான்.

5.40. மறுபடி சைரன் அடித்தேன். அவள் தலை தூக்கவில்லை. போன் அலறியது.

"இன்னும் தொறக்கலியா? லயத்து வாசலுக்குத் தண்ணி வந்துட்டு."

5.46. பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு கீழே பார்த்தேன்.

பாறையில் இரண்டு பேர்.

இரண்டாமவள் கையில் வாளி இருந்தது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

ஸப்ரியைக் கூப்பிட வெட்கமாக இருந்தது. மறுபடி சிரிப்பான். இவளும் அவளைப்போல் வெறும் தோற்றம்தான் என்று நினைத்தேன்...

அழுத்தினேன்.

தப்புச் செய்கிறேன் என்று எனக்குத் தோன்றவில்லை. இன்றுவரை தோன்றவில்லை.

மறுநாள் காலை 7.20க்குச் சுப்பம்மாவின் உடல் கிடைத்தது. எஸ்டேட் லயத்துக்காரி. ஊரில் வேறு யாரும் காணாமல் போகவில்லை. அவளுடைய பதினொரு வயது மகள் விஜயகலா நான் கதவைத் திறந்தபோது ஆற்றங்கரையில் நின்றிருக்கிறாள். அவள் பொலிஸில் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன்.

"சைரன் கேட்டுச்சுங்க. அம்மா திரும்பிப் போகப் பாத்தாங்க. பாறையில இருந்த அக்காதான் கூப்பிட்டாங்க. 'வாங்க, நான் இருக்கேன்ல, தொறக்க மாட்டாங்க'ன்னாங்க."