ஆறில்லாத ஊர்க்காரனுக்குக் கிடைத்த மாற்றம்

1. வியர்வை

கொழும்பில் எங்கள் டிராயிங் ஆபீசில் வெயில் காலம் வந்தாலே நெருக்கடிதான். ட்ரேசிங் துணியில் ஒரு சொட்டு வியர்வை விழுந்தால் போதும், அந்த இடம் வெளுத்து வரைபடமே பாழ். படவரைஞர்கள் எல்லாரும் சேர்ந்து, ஒரு மின்விசிறி வேண்டுமென்று எங்கள் வெள்ளைக்காரத் துரையிடம் போய் நின்றோம்.

துரை தன் விசிறியின் கீழ் அமர்ந்தபடி விளக்கம் தந்தார். மனிதனை உழைக்க வைத்தது குளிர்தானாம். சூட்டில் மூளை உருகிவிடுமாம். நாகரிகங்களை ஆக்குவதும் அழிப்பதும் நிலமும் காற்றுமாம். ஆகவே எங்களுக்கு விசிறி கொடுத்தும் பயனில்லையாம். குளிரில் விளைந்த அந்த மூளைக்கு மட்டும் விசிறி எதற்கு என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

2. பெருமை

தலைமைப் படவரைஞர் ஓய்வு பெற்றார். அடுத்த வரிசையில் நானும் கொட்டாஞ்சேனை அந்தோனியும். என் மனைவிக்கு அப்போது நிறைமாதம். வெள்ளவத்தையில் அவளோடு இருந்தபடியே அந்த நாற்காலி கிடைக்க வேண்டுமென்று வேண்டாத தெய்வமில்லை.

துரை எங்கள் இருவரையும் கூப்பிட்டுக் கேட்டது ஒரே கேள்வி: "உங்கள் ஊர் எப்படிப்பட்டது?"

யாழ்ப்பாணத்தானிடம் கேட்கிற கேள்வியா இது? ஆறு கிடையாது, மழை குறைவு, கல்லை உடைத்துக் கிணறு தோண்டி, துலா மிதித்து நீர் இறைத்துப் பயிர் செய்கிறோம், அதனால்தான் எங்களைப்போல் உழைப்பாளி இல்லை என்று என் இங்கிலீசில் அளந்தேன். அந்தோனியோ, "துறைமுகத்துக்குப் பக்கம், சேர்" என்பதோடு நிறுத்திக்கொண்டான்.

வெளியே வந்ததும் தலையில் அடித்துக்கொண்டான். "ஏன் ஐசே இவ்வளவு கதைச்சீர்? வறட்சி வறட்சியெண்டு அந்தாளுக்குப் பாடமெல்லோ எடுத்தீர்!"

அந்த வாரமே உத்தரவு வந்தது. துறைமுகத்தான் எவரோடும் ஒத்துப்போவான், நாற்காலி அந்தோனிக்கு. வறண்ட நிலத்தில் வளர்ந்தவன் வறண்ட நிலத்துக்கே பொருத்தம்; எனக்கு மன்னார்.

மனைவி அழுதுகொண்டே ஏசினாள். "ஊரில ஆறில்லாட்டிப் பரவாயில்லை. உங்களுக்கு வாயில்லாமல் இருந்திருக்கலாம்!"

3. மன்னார்

மகள் பிறந்த செய்தி எனக்குத் தந்தியில்தான் வந்தது. லீவு கேட்டேன், தரவில்லை. ஆபீஸ் மேசையில் தலை கவிழ்ந்து அழுதேன். எனக்குப் பொறுப்பை ஒப்படைக்க நின்றிருந்தவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் நுவரெலியாவில் பிறந்து வளர்ந்தவர்.

"குளிர் ஊர்க்காரனான உம்மை ஏன் ஐயா துரை இந்த வெயிலுக்கு அனுப்பினவர்?" என்று கேட்டேன்.

"குளிரில வளந்தவன் எந்த வெயிலையும் தாங்குவானாம். துரை பெரிய விளக்கமே தந்தார்," என்றார் அவர்.

புதிதாக வேலைக்குச் சேரும் தம்பிமாருக்கு நான் சொல்வது இதுதான். மேலதிகாரி உன் ஊரைப் பற்றி விசாரித்தால் உடனே வாயைத் திறக்காதே. எந்த ஊரில் இடம் காலி என்று முதலில் விசாரித்துக்கொள்.